புள்ளி சார் தினமும் வருகிறார்

பள்ளியின் பதினான்கு கரும்பலகைகளுக்கும் திரை போட்டு முடித்த அன்று, திட்ட இயக்குநர் நேரில் வந்து பேசினார். நீலத் திரை. கீழே நாடா வைத்துத் தைத்து, முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் அரக்கு வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த சாக்பீஸ்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

"இதுவரை என்ன நடந்தது?" என்று இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்தினார். குழந்தை வீட்டுக்குப் போய்த் திண்டாடியது. இனிமேல் குழந்தை வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்துவிடும். வகுப்பில் ஆசிரியர்தான் திண்டாடுவார். இதற்குப் பெயர்தான் தலைகீழ் வகுப்பறை."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கணிதம் மட்டும் போதாது, வாழவும் தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு கணக்குக்குள்ளும் ஒரு வாழ்க்கைத் திறனை வைத்திருக்கிறோம். பின்னத்துக்குள் பகிர்தல். சதவீதத்துக்குள் தன்னம்பிக்கை. மைனஸ் எண்களுக்குள் தோல்வியைத் தாங்கும் மனம்."

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினாறு வருட சர்வீஸ். திண்டாடப்போவது தான்தான் என்று புரிந்தபோது அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் இருந்த புள்ளி சார் குனிந்து, "கரும்பலகைக்கு ஏன்மா சீல்? அது என்ன தப்பு பண்ணிச்சு?" என்று காதோரம் கேட்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்ற வேண்டியதாயிற்று.

புள்ளி சார்தான் பள்ளியின் மூத்த கணக்கு வாத்தியார். தசமப்புள்ளி வைக்கும்போது சாக்பீஸ் உடைகிற மாதிரி ஓங்கி ஒரு குத்து வைப்பார். அதனால் வந்த பெயர். பிள்ளைகள் வைத்ததை அவரே பிறகு பரீட்சைப் பேப்பரில் கையெழுத்தாகப் போட ஆரம்பித்தார். பெயருக்குப் பதில் ஒரு பெரிய புள்ளி.

வீடியோவுக்கு நாற்பது பாடங்கள். ஆளுக்கு இருபது என்று புள்ளி சாருக்கும் டீச்சருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். விளையாட்டுச் சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டி, ஒலி கெடக்கூடாதென்று மின்விசிறியையும் கழற்றிவிட்டார்கள். டீச்சர் அந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கேமரா, இரண்டு பெரிய விளக்கு. அவ்வளவுதான். உள்ளே கால் வைக்காமலேயே திரும்பிவிட்டார்.

"சார், கேமராவப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. என்னோட இருபதையும் நீங்களே பேசிடுங்களேன்."

"சரிம்மா, போங்க. இருபதும் ஒண்ணுதான், நாப்பதும் ஒண்ணுதான்" என்றார் புள்ளி சார். சொல்லிவிட்டு, "கணக்கு வாத்தியார் வாயில வரக்கூடாத பேச்சு இது" என்று அவரே சிரித்தார்.

நாற்பதையும் இரண்டே நாளில் எடுத்து முடித்தார்கள். மூன்றாம் நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்த புள்ளி சார் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

இரங்கல் கூட்டத்துக்கும் இயக்குநர் வந்தார். "கடைசிப் பாடம் வரை சிரித்த முகம். 'இன்னும் எத்தனை பாடம் வேண்டுமானாலும் கொடுங்கள்' என்று எங்களைக் கேட்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு மரணம் கிடையாது. திங்கட்கிழமை முதல் பாருங்கள்" என்றார்.

சொன்ன மாதிரியே திங்கட்கிழமை மாலை புள்ளி சார் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் வீட்டிலும் தோன்றினார்.

*

புதிய முறைப்படி வகுப்பில் டீச்சருக்கு நாற்காலி இல்லை. பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வேண்டும். மார்பில் ஒரு அட்டை: 'நான் கற்பிப்பதில்லை, உடனிருக்கிறேன்.' யாராவது சந்தேகம் கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். மறுபடியும் கேட்டால் புன்னகை செய்ய வேண்டும். மூன்றாவது முறை கேட்டால் அதற்கென்று ஒரு படிவம் இருந்தது.

மைனஸ் எண்களுக்கான செயல்பாட்டில் பாதிப் பிள்ளைகள் பிளஸ், பாதிப் பிள்ளைகள் மைனஸ். மைனஸ்கள் சுவரைப் பார்த்து நின்று தோல்வியை உணர வேண்டும். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஒவ்வொரு மைனஸாகப் போய், "உணர்றியா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளைதான். ஒரு மைனஸ் மட்டும் மணி அடித்த பிறகும் திரும்பவில்லை. கேட்டதற்கு, தனக்கு இன்னும் உணர்வு வரவில்லை என்றான்.

டீச்சரை உறுத்தியது இதெல்லாம் இல்லை. பிள்ளைகள் பேசிய விதம்.

"சார் நேத்து பின்னம் சொன்னாரு மிஸ்."

"இன்னிக்கி சாயங்காலம் சார் சதவீதம் எடுக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"சாருக்கு ரெண்டே சட்டைதான் மிஸ். இருபது வரைக்கும் நீலம், அப்புறம் வெள்ளை."

மாலை ஆறு மணிக்கு டீச்சர் வீட்டுக்கு நடந்து போகும் வழியில், ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து, "வாங்க, உக்காருங்க. நோட்டு எடுத்தாச்சா?" என்று கேட்கும். இரண்டு வீடு தள்ளி அதே குரல் அப்போதுதான் கணக்கைப் பாதியில் பிடித்திருக்கும். எதிர் வீட்டில் முடிக்கிற நேரம். ஒரே மனிதர் தெரு முழுக்க முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். டீச்சர் வழியை மாற்றிப் பார்த்தார். அந்தத் தெருவிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். தன் பங்கு இருபதில் எது ஓடுகிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். அப்போது மட்டும் கால் தானாக வேகமெடுக்கும்.

வீடியோ எங்கே ஓடினாலும் கணினி அதைப் பேசுகிறவரின் வருகையாகப் பதிவு செய்தது. மாத முடிவில் பார்த்தபோது புள்ளி சாருக்கு வருகை நூறு சதவீதம், தாமதம் இல்லை, விடுப்பு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டீச்சர் இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார். சிறந்த வருகைக்கான சான்றிதழைத் தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் புள்ளி சாரின் காலி நாற்காலியில் வைத்துவிட்டு, "எல்லாரும் சாரைப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். அன்றிலிருந்து அந்த நாற்காலிப் பக்கம் யாரும் போவதும் இல்லை.

*

பிறகு தேர்வு வந்தது. மைனஸ் ஏழிலிருந்து மைனஸ் நான்கைக் கழித்தால் என்ன?

முப்பது பேர் மைனஸ் பதினொன்று என்று எழுதியிருந்தார்கள். புள்ளி சாரின் வீடியோவை வைத்துத் தயாரித்த விடைக்குறிப்பிலும் மைனஸ் பதினொன்று. ஒரே ஒரு பெண் மட்டும் மைனஸ் மூன்று என்று எழுதியிருந்தாள். அவளுடைய டேப்லெட் மூன்று வாரமாக உடைந்து கிடந்ததால் அவள் அந்த வீடியோவையே பார்க்கவில்லை. தானே யோசித்துப் போட்டது. அவளுக்குச் சுழியம். கூடவே 'பார்வைக் குறைபாடு' என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம். பள்ளியில் அதற்கு வீடியோ பார்க்காமை என்று பொருள். அவளுடைய அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தார்.

டீச்சர் பேப்பரை மூன்று முறை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். கரும்பலகைக்கு அரக்கு முத்திரை. சாக்பீஸ் பூட்டுக்குள். சுவரில் பூச்சு பெயர்ந்திருந்த இடத்தில் ஒரு துண்டை உடைத்து எடுத்து, தரையில் மண்டி போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு எண்கோடு போட்டு, ஒரு பையனைக் கூப்பிட்டார்.

"வந்து மைனஸ் ஏழுல நில்லு. மைனஸ் நாலைக் கழிக்கறோம்னா கடனை நாலு குறைக்கறோம்னு வச்சுக்கோ. எந்தப் பக்கம் நடக்கணும்?"

பையன் நடந்தான். மைனஸ் மூன்றில் நின்றான். தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டுப் பயந்துபோய் நிமிர்ந்தான்.

"சார் பதினொண்ணுன்னு சொன்னாரே மிஸ்?"

தவறு செய்துவிட்ட மாதிரி முப்பது முகம்.

"அப்ப சார் தப்பா சொன்னாரா?" என்றான் இன்னொருவன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாக, "சார் அந்தக் கணக்குல நடுவுல நிறுத்துனாரு மிஸ். ரொம்ப நேரம். அதுக்கப்புறம்தான் தப்பாப் போட்டாரு" என்றாள்.

"நிறுத்துனாரா? ஏன்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது.

டீச்சர் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று அன்றே எழுதிக் கொடுத்தார். பதில் மறுநாள் வந்தது. 'ஆசிரியர்கள் பாடங்களைப் பார்த்தால் கற்பிக்கும் ஆசை மீண்டும் தலைதூக்கும் என்பதால் அனுமதி இல்லை.' அதோடு இன்னொரு தாளும் இருந்தது. 'வகுப்புக் கேமராவில் தாங்கள் தரையில் மண்டியிட்டு, சுவர்ப்பூச்சுத் துண்டொன்றைக் கொண்டு, கற்பித்தல் போன்றதொரு செயலில் ஈடுபட்டதாகத் தெரியவருகிறது. விளக்கம் தருக.'

டீச்சர் விளக்கம் எழுதினார். விடைக்குறிப்பு தவறு, இருபத்து மூன்றாம் பாடத்தில் விடை தவறு, திருத்த வேண்டும். மூன்றே வரி. அதைப் படித்த கணினிக்கு ஒன்று மட்டும் புரிந்தது. பாடத்தில் பிழை என்றால் அதைப் பேசியவர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். ஏழு நாள் அவகாசம். இல்லாவிட்டால் அவருடைய மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். நோட்டீஸ் புள்ளி சார் வீட்டு முகவரிக்குப் போனது.

*

விசாரணை நாளன்று புள்ளி சாரின் மனைவி வந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்தும் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, நோட்டீஸைக் கைப்பைக்குள் நான்காக மடித்து வைத்துக்கொண்டு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க வரணும்னு அவசியமே இல்லையே."

"அவர் பேருக்கு வந்திருக்கு. யாராவது வரணும்ல?" என்றார் அக்கா. பிறகு, "எங்க தெருவுல ஒம்பது பிள்ளைங்க உங்க ஸ்கூல்தான். சாயங்காலம் ஆனா ஒம்பது வீட்லருந்தும், 'வாங்க, உக்காருங்க'ன்னு கூப்பிடறாரு. முதல் நாள் நான் நெஜமாவே ரூமுக்குள்ள ஓடிப்போய்ப் பாத்தேன்" என்றார்.

டீச்சர் ஒன்றரை மாதமாக நெஞ்சுக்குள் கிடந்ததைச் சொல்லிவிட்டார். "அக்கா, நாப்பதுல இருபது நான் பேச வேண்டியது. பயமா இருக்குன்னு அவர் தலையில கட்டிட்டேன்."

அக்கா கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார்.

"சொன்னாரு. 'அந்தப் பொண்ணு பயந்துட்டா, நானே பண்ணிடறேன்'னு. எனக்கு உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். இருந்துச்சு. ஆனா ரெண்டாவது நாள் வந்து படுத்தவரு என்ன ஏதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அந்த ரூம்ல அன்னிக்கி என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா போதும்."

உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசை. நடுவில் இயக்குநர், ஒரு பக்கம் தலைமையாசிரியை, இன்னொரு பக்கம் ஒருங்கிணைப்பாளர். புள்ளி சாருக்கென்று ஒரு காலி நாற்காலியும், அதன் முன்னால் அவர் பெயர் எழுதிய அட்டையும் இருந்தன.

"அவர் வரவில்லையா?" என்று இயக்குநர் அட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"செத்துட்டாருங்க. நீங்கதான் கூட்டத்துல பேசினீங்க."

"அதை நான் மறக்கவில்லை அம்மா. உணர்வுபூர்வமாக அவர் நம்மிடையே இல்லை. ஆனால் நிர்வாகபூர்வமாக இருக்கிறார். நேற்றுக்கூட வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், இந்தப் பள்ளியில் இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வரும் வேறொரு ஆசிரியரை நான் பார்க்கவில்லை."

"வீட்டுக்குத்தான் வர்றதில்ல" என்றார் அக்கா.

தலைமையாசிரியை தண்டனைப் படிவத்தின் மூலையை மடித்து மடித்துப் பிரித்தார். இயக்குநர் மட்டும் ஆமோதிப்பது போலத் தலையசைத்து, "அர்ப்பணிப்பு" என்றார்.

டீச்சர் எழுந்து, "சார், அந்தப் பாடத்துல அவர் நடுவுல நிறுத்தியிருக்காரு. பிள்ளைங்க சொல்றாங்க. அதை அக்காவுக்கு ஒருதரம் போட்டுக் காட்டுங்க. அவ்வளவுதான் கேக்கறோம்" என்றார்.

ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. "அந்தப் பிரச்சனை முடிஞ்சுது மேடம். இன்னிக்கி காலைலயே அந்த நாலு நிமிஷத்தைத் தூக்கிட்டோம். இப்ப சார் கணக்கை எழுதுவாரு, அடுத்த செகண்ட், 'இதுலருந்து என்ன தெரியுது?'ன்னு கேப்பாரு. விடை எதுவும் இருக்காது."

"விடை இல்லாம எப்படிங்க?"

"அதை நாங்கள் திறந்த முடிவு என்கிறோம்" என்றார் இயக்குநர். "எந்தக் குழந்தை எந்த விடை எழுதினாலும் சரி. தன்னம்பிக்கைதான் முக்கியம்."

"அந்த நாலு நிமிஷம் வேற எங்கயாவது இருக்குமா?" என்று அக்கா கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தவறுகளை நாங்கள் சேமித்து வைப்பதில்லை அம்மா."

இயக்குநர் அதைச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் ஏனோ தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்காமலேயே, "நான் அன்னிக்கி கேமராவுக்குப் பின்னாடிதான் இருந்தேன். நாப்பது முடிக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நான் வந்து... சீக்கிரம் சார்னு சொன்னேன்" என்றார். இயக்குநர் அவரைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. பிழை நீங்கியதால் புள்ளி சார் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. பிழை இல்லாத பாடத்தில் பிழை இருப்பதாகப் புகார் செய்த டீச்சர், நாளை முதல் படிவங்கள் அறைக்கு மாற்றப்படுகிறார். அக்காவிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். புள்ளி சார் விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்று அதில் எழுதியிருந்தது. அக்கா படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடாமல், மூடி போட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

*

தாழ்வாரத்தில் அவர் வாசலைப் பார்த்து நடந்தபோது டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா, வீடியோதான் போச்சு. பாத்தவங்க இருக்காங்க. வாங்க."

ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இது அவர்களோடு தனக்குக் கடைசிப் பீரியட் என்பதை டீச்சர் சொல்லவில்லை. "இவங்க புள்ளி சாரோட வீட்டம்மா. இருபத்து மூணாம் பாடத்துல சார் நடுவுல நிறுத்துனாருன்னு சொன்னீங்கல்ல? என்ன பாத்தீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்கா கீழே உட்கார்ந்தார், அவர்கள் மட்டத்துக்கு. அதற்கப்புறம் ஒரு பையன் ஆரம்பித்தான்.

"சார் கணக்கை எழுதிட்டு, கண்ணாடியைக் கழட்டுனாரு."

"கழட்டி சட்டையில தொடச்சாரு. வெள்ளைச் சட்டை."

"முகமெல்லாம் வேர்த்துச்சு. இங்க மட்டும் கையால அமுக்கிக்கிட்டாரு" என்று ஒரு பெண் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"யாரோ, 'சீக்கிரம் சார், டைம் போகுது'ன்னு சொன்னாங்க. அவங்க தெரியல. குரல் மட்டும்."

"சார் அவங்களைப் பாத்துச் சிரிச்சாரு."

"இல்லடா, சிரிக்கல. சிரிக்கற மாதிரி பண்ணாரு."

பதினைந்து இருபது பேர் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு துண்டு. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்தார். எத்தனை முறை பார்த்தார்களோ, அவர் எந்தக் கையால் மேசையைப் பிடித்தார் என்பது வரை தெரிந்திருந்தது. அக்கா ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். ஒருங்கிணைப்பாளர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அவரும் வெளியே நின்றிருந்தார், உள்ளே வராமல்.

"அப்போ யாராவது அவருக்குத் தண்ணி குடுத்தாங்களா?" என்று அக்கா கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரப் பெண்தான் சொன்னாள்.

"இல்ல ஆன்ட்டி. சார் அங்கயும் இங்கயும் பாத்தாரு. அப்புறம் எங்களைப் பாத்து, 'ரொம்ப நேரமாச்சுல்ல, இங்க நிறுத்திட்டு எல்லாரும் போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் எங்கயும் போகல'ன்னு சொன்னாரு."

"நீங்க போனீங்களா?"

"எல்லாரும் நிறுத்திட்டுப் போய்க் குடிச்சோம்."

அக்காவுக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த சின்னப் பையன் ஒருவன், இதை யாரும் நம்பாமல் போய்விடுவார்களோ என்பது போல, எட்டி அக்காவின் முழங்கையைத் தொட்டான்.

"திரும்பி வந்தப்ப அங்கயேதான் இருந்தாரு."